வீட்டுச் சுவருக்கு எந்த மண்?

(குழித்துறை வட்டார உழவர்களுக்கு ஆற்றிய உரை)



பயிருக்கு ஏற்ற மண் எது என்று கேட்டு எங்களிடம் வருகிறவர்கள் பலர். சுவருக்கு ஏற்ற மண் எது என்று கேட்கிறவர்கள் மிகச் சிலரே. ஆயினும் வீடு கட்டவோ, தொழுவம் போடவோ, ரப்பர் ஷீட் உலர்த்தும் அறை எழுப்பவோ முனைகிற ஒவ்வொருவரும் மண்ணைப் பற்றி ஒரு முடிவு எடுத்தே ஆகவேண்டும். செங்கல் வாங்குவதா, வெட்டுக்கல் வாங்குவதா, சொந்த நிலத்து மண்ணையே பயன்படுத்துவதா? சொந்த மண் என்றால் எந்த இடத்து மண்? ஏலாவில் கிடக்கும் வழவழப்பான களியா, விளையில் கிடக்கும் செம்மண்ணா?

"உழவியல் படித்தவருக்குச் சுவரைப் பற்றி என்ன தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கொத்தனார் அறிந்த வேலையை நான் அறியேன். ஆனால் மண் என்பது வயலிலும் சுவரிலும் ஒன்றுதான். அதில் எவ்வளவு களி, எவ்வளவு மணல், அந்தக் களி எத்தகையது என்று தெரிந்தால் பயிரைப் பற்றியும் சொல்லலாம். சுவரைப் பற்றியும் சொல்லலாம். இதைத் தெரிந்துகொள்ள ஒரு கண்ணாடிப் பாட்டிலும், ஓர் அளவுகோலும், ஒரு சிறு மரப்பெட்டியும் இருந்தால் போதும்.

நான் சொல்ல வந்த செய்தியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பயிருக்கு மிக நல்ல மண் சுவருக்கு நல்ல மண் அல்ல. சுவருக்கு நல்ல மண் பெரும்பாலும் பயிர் விரும்பாத மண்ணே. ஆகவே வீடு கட்டுவதற்காக யாரும் வயலை இழக்க வேண்டியதில்லை.

நம் மண்ணின் இயல்பு

குழித்துறையைச் சுற்றியுள்ள நிலத்தை இரண்டாகப் பிரிக்கலாம். மேட்டுப் பாங்கான விளைகளில் இருப்பது சரளை கலந்த செம்மண். தென்னை, ரப்பர், மரச்சீனி, வாழை ஆகியவை இதில் வளர்கின்றன. இரண்டு மேடுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் இருப்பது ஏலா. மேட்டிலிருந்து மழைநீர் அடித்து வந்த நுண்ணிய மண் பல காலமாகப் படிந்து உருவானது இது. நெல்லுக்கு உரியது.

விளை மண் வெட்டுக்கல் மண் இனத்தைச் சேர்ந்தது. இந்த இனத்துக்கு லேட்டரைட் என்னும் பெயரை வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஆங்கிலக் கம்பெனி மருத்துவர். மலபார்ப் பகுதியில் அங்காடிப்புரம் என்னும் ஊரில், மக்கள் நிலத்திலிருந்து இதைக் கல்லாக வெட்டி எடுத்துச் சுவர் கட்டுவதை அவர் கண்டார். வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டதும் கடினமாகும் அதன் குணத்தை 1807ஆம் ஆண்டில் வெளியான தம் பயண நூலில் எழுதினார். லத்தீன் மொழியில் 'லாட்டர்' என்றால் செங்கல். அதாவது, உலகம் முழுவதும் மண் நூல்களில் வழங்கும் இந்தப் பெயரே இது கட்டட மண் என்பதைச் சொல்கிறது.

கடும் வெயிலும் கடும் மழையும் மாறி மாறி வரும் இடங்களில் பாறை சிதைந்து இந்த மண் உண்டாகிறது. சுண்ணாம்பும் பிற சத்துகளும் மழையில் கரைந்து போய்விட, இரும்பும் அலுமினியமும் எஞ்சி நிற்கின்றன. இதிலுள்ள களி பெரும்பாலும் கயோலினைட் என்னும் வகை. இந்தக் களி சத்துகளைப் பிடித்து வைக்கும் திறன் குறைந்தது. நூறு கிராம் களிக்கு 3 முதல் 15 மில்லி சமானம் என்று அளவிடுகிறார்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிக்கு இதே அளவு 80 முதல் 150 வரை இருக்கும். நீங்கள் விளையில் இடும் உரம் ஒரு பெருமழையில் ஓடிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் வயலில் குறையாகத் தெரியும் இதே குணம் சுவரில் நிறைவாகிறது. கரிசல் களி தண்ணீரைக் குடித்துப் பருக்கும். காய்ந்தால் சுருங்கிக் கையை விடும் அளவுக்கு வெடிக்கும். அதனால்தான் கரிசல் நிலத்தில் கட்டடம் கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்துக்கே அஞ்சுகிறார்கள். கயோலினைட் களியின் ஏடுகளுக்கு இடையே தண்ணீர் புகுவதில்லை. எனவே அது அதிகம் பருப்பதுமில்லை, அதிகம் சுருங்குவதுமில்லை. சுவருக்கு வேண்டியது இதுவே.

களியின் வேலை என்ன?

களிமண் நன்றாக ஒட்டும். ஆகவே சுவருக்குக் களிமண்ணே ஏற்றது என்று பலர் எண்ணுகிறார்கள். இது பாதி உண்மை. சுவரில் களியின் வேலை பசையின் வேலை. சரளையும் மணலும் எலும்பு போன்றவை. பசை இல்லாவிட்டால் எலும்பு உதிரும். பசையே நிறைந்துவிட்டால் காயும்போது சுருங்கிப் பிளக்கும். வெறும் களியால் செய்த கல் அடுத்த நாள் அழகாக இருக்கும். பத்தாம் நாள் வெடித்திருக்கும்.

அழுத்தி வார்க்கும் மண் கல்லுக்கு நூற்றுக்குச் சுமார் 15 பங்கு சரளை, 50 பங்கு மணல், 15 பங்கு வண்டல், 20 பங்கு களி இருப்பது நல்ல கலவை. இவை ஓரளவு கூடிக் குறைந்தாலும் குற்றமில்லை. 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகள் சரளை; 0.002 மில்லிமீட்டருக்குக் குறைந்தது களி. இடைப்பட்டவை மணலும் வண்டலும் ஆகும்.

மாதிரி எடுத்தல்

பயிருக்காக மண் மாதிரி எடுக்கும்போது மேல் மண்ணை எடுக்கச் சொல்கிறோம். சுவருக்கு இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். கறுத்த நிறமும் வேரும் மக்கும் உள்ள மேல் மண்ணை 30 முதல் 60 செ.மீ. வரை ஒதுக்கி, அதன்கீழ் ஒரே நிறமாகத் தெரியும் மண்ணை எடுங்கள். மக்கு கலந்த மண்ணில் அது அழுகும்போது ஓட்டை விழும். மேலும் சிமெண்ட் இறுகுவதையும் அது தடுக்கும்.

ஒரே குழியை நம்பாதீர்கள். மண் எடுக்க நினைக்கும் இடத்தில் மூன்று நான்கு குழிகள் தோண்டி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சட்டி மண் எடுத்துத் தனித்தனியே சோதியுங்கள். விளையின் மேல் பாகத்தில் சரளை மிகுந்தும், கீழ்ச் சரிவில் களி மிகுந்தும் இருப்பது வழக்கம்.

கையாலும் மூக்காலும் சோதித்தல்

முதலில் மண்ணை ஈரமாக்கி முகர்ந்து பாருங்கள். மக்கிய வாடை வந்தால் அந்த மண் வேண்டாம். பிறகு உள்ளங்கையில் தேயுங்கள். நறநறவென்றால் மணல் மிகுதி. மாவு போல் இருந்து எளிதில் கழுவப்பட்டால் வண்டல் மிகுதி. சோப்புப் போல் வழுக்கி, கழுவினாலும் போகாமல் ஒட்டினால் களி மிகுதி. வயலில் கால் வைத்துப் பழகிய உங்களுக்கு இது புதிதன்று.

பாட்டில் சோதனை

ஒரு லிட்டர் கொள்ளும் நேரான கண்ணாடிப் பாட்டிலில் கால் பாகம் மண் இடுங்கள். முக்கால் பாகம் வரை தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சலவை சோடா சேருங்கள். ஓர் இரவு ஊறட்டும். நம் செம்மண்ணுக்கு இந்த ஊறல் மிகவும் தேவை. ஏனெனில் இதிலுள்ள இரும்பு, களித் துகள்களைச் சேர்த்துப் பிடித்து, மணல் போல் காட்டி ஏமாற்றும்.

மறுநாள் மூடியை இறுக்கிச் சில நிமிடங்கள் நன்றாகக் குலுக்கி, ஆடாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடம் கழித்துப் படிந்திருப்பது சரளையும் மணலும். அந்த உயரத்தைப் பாட்டிலில் குறியிடுங்கள். 2 மணி நேரம் கழித்து அதன்மேல் படிந்திருப்பது வண்டல். அதையும் குறியிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் தெளிந்ததும் மேலே மெல்லியதாகப் படிந்திருப்பது களி.

எடுத்துக்காட்டாக, மொத்தப் படிவு 100 மி.மீ. உயரம் என்று கொள்வோம். அதில் 62 மி.மீ. மணலும் சரளையும், 15 மி.மீ. வண்டல், 23 மி.மீ. களி என்றால் அது நல்ல மண். களி 45 மி.மீ. இருந்தால் மணல் கலக்காமல் பயன்படுத்தக் கூடாது. களி ஊறிப் பருமனாகத் தெரியும் என்பதால் இந்தக் கணக்கு துல்லியமானதன்று. அதனால்தான் அடுத்த சோதனைகளும் வேண்டும்.

சுருட்டுச் சோதனை

சரளையை நீக்கிவிட்டு மண்ணைப் பிசைந்து அரை மணி நேரம் விடுங்கள். பிறகு 3 செ.மீ. தடிப்பும் ஒரு சாண் நீளமும் உள்ள சுருட்டாக உருட்டுங்கள். மேசை விளிம்புக்கு வெளியே அதை மெல்லத் தள்ளுங்கள். தன் பாரத்தால் அது ஒடிந்து விழும். விழுந்த துண்டை அளந்து பாருங்கள். 5 செ.மீ.க்குக் குறைந்தால் மணல் மிகுதி. 5 முதல் 15 செ.மீ. என்றால் நல்ல மண். 15 செ.மீ.க்கு மேல் என்றால் களி மிகுதி. நான்கைந்து முறை செய்து சராசரி காணுங்கள்.

வில்லைச் சோதனை

3 செ.மீ. அகலமும் 1 செ.மீ. தடிப்பும் உள்ள குழாய்த் துண்டில் ஈர மண்ணை அழுத்தி நிழலில் காய விடுங்கள். காய்ந்த பின் மண்ணுக்கும் குழாய்க்கும் இடையே 1 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் களி மிகுதி என்று பொருள். பிறகு வில்லையை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நசுக்குங்கள். எளிதில் பொடியானால் பசை போதாது. முயன்றும் உடையாவிட்டால் களி மிகுதி. சற்றுப் பலம் கொடுத்து உடைந்தால் நல்லது.

பெட்டிச் சோதனை

கல் அறுக்கச் செலவு செய்யுமுன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். உட்புறம் 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழம் உள்ள மரப்பெட்டி ஒன்று தேவை. தச்சரிடம் சொன்னால் மிச்சப் பலகையில் செய்து தருவார். உட்புறம் எண்ணெய் தடவி, பிசைந்த ஈர மண்ணை மூலை முடுக்கெல்லாம் அழுத்தி நிரப்புங்கள். வெயிலில் 3 நாள் அல்லது நிழலில் 7 நாள் காய விடுங்கள். பிறகு காய்ந்த துண்டுகளை ஒரு முனைக்கு நெருக்கித் தள்ளி, மறுமுனையில் உண்டான இடைவெளியை அளந்து பாருங்கள்.

இடைவெளி 15 மி.மீ.க்குள் இருந்தால் 18 பங்கு மண்ணுக்கு 1 பங்கு சிமெண்ட் போதும். 15 முதல் 30 மி.மீ. என்றால் 16 பங்குக்கு 1 பங்கு. 30 முதல் 45 மி.மீ. என்றால் 14 பங்குக்கு 1 பங்கு. 45 முதல் 60 மி.மீ. என்றால் 12 பங்குக்கு 1 பங்கு. இவை கொட்டும் அளவுக் கணக்கு. எடைக் கணக்கு அல்ல. 60 மி.மீ.க்கு மேல் சுருங்கினால் அந்த மண்ணை அப்படியே பயன்படுத்த வேண்டாம். மணலோ மேட்டுச் சரளை மண்ணோ கலந்து, மீண்டும் பெட்டியில் இட்டுப் பாருங்கள்.

உங்கள் ஏலா மண்ணையும் விளை அடிமண்ணையும் இரண்டு பெட்டிகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது சுவருக்கு உரியது என்று பெட்டியே சொல்லிவிடும்.

குறை தீர்க்கும் வழிகள்

மண்ணில் மணல் மிகுந்திருந்தால் சிமெண்ட் நன்றாக வேலை செய்யும். களி மிகுந்திருந்தால் நீற்றிய சுண்ணாம்பு நல்லது. சுண்ணாம்பு களியோடு மெதுவாகச் சேர்ந்து இறுகும். மாதக்கணக்கில் வலு ஏறும். ஆகவே அவசரப்படக் கூடாது. கடற்கரை மணலைக் கலக்கவே வேண்டாம். தேங்காப்பட்டினம் பக்கத்துக் கழிமுக நிலத்து மண்ணுக்கும் இதே எச்சரிக்கை. உப்பு சுவரின் மேலே பூத்துப் பூச்சைத் தள்ளிவிடும். ஐயமிருந்தால் மண் ஆய்வுக் கூடத்தில் உப்பின் அளவை மட்டும் பார்த்துவிடுங்கள். பயிருக்குச் செய்யும் அதே மின்கடத்து திறன் ஆய்வுதான்.

அழுத்தி வார்த்த கல்

மண்ணை 5 மி.மீ. முதல் 10 மி.மீ. கண் உள்ள சல்லடையில் சலித்து, சிமெண்டை உலர்வாகவே நிறம் ஒன்றாகும் வரை கலந்து, பிறகு தண்ணீரைத் தெளிக்க வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கடினமான தரையில் போடுங்கள். நான்கைந்து துண்டாக உடைந்தால் ஈரம் சரி. பொடியானால் தண்ணீர் போதாது. ஒரே கட்டியாகத் தட்டையானால் தண்ணீர் மிகுதி. தண்ணீர் சேர்த்த கலவையை அரை மணி நேரத்துக்குள் கல்லாக்கிவிட வேண்டும்.

கையால் அழுத்தும் பொறி ஒன்றைத் தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டில் 1950களில் உருவாக்கினார்கள். சின்வா ராம் என்பது அதன் பெயர். நம் நாட்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கிராமத் தொழில்நுட்பத்துக்காக 1974இல் தொடங்கிய அஸ்திரா என்னும் பிரிவு இத்துறையில் ஆய்வு நடத்தி, நம் மண்ணுக்கு ஏற்ற கைப்பொறியை வடிவமைத்தது. புதுச்சேரி அருகே ஆரோவில்லில் உள்ள மண் கட்டடக் கழகம் பல நாட்டவருக்கும் இதில் பயிற்சி அளித்து வருகிறது. பக்கத்திலுள்ள திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007இல் மறையும் வரை வாழ்ந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர், அந்தந்த இடத்துப் பொருளைக் கொண்டே சிக்கனமாகக் கட்ட வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவர். மண்ணைக் கொண்டு கட்டுவது பற்றித் தனியாக ஒரு கையேடும் எழுதினார். இத்தகைய கற்களுக்கு ஐ.எஸ். 1725 என்னும் இந்தியத் தர நிர்ணயமும் இருக்கிறது.

23 செ.மீ. நீளம், 19 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் உள்ள ஒரு கல் ஏறத்தாழ 8 கிலோ இருக்கும். எடையில் 7 சதம் சிமெண்ட் சேர்த்தால் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 90 கற்கள் கிடைக்கும். வார்த்த கற்களை முதல் இரண்டு நாள் பாலித்தீன் தாளால் மூடி வையுங்கள். பிறகு நிழலில் அடுக்கி 4 வாரம் ஈரம் காயாமல் தண்ணீர் தெளியுங்கள். நாற்றங்காலைக் காப்பது போல் காக்க வேண்டும். நமக்குத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே மழை தருவதால், ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள காலமே இந்த வேலைக்கு ஏற்றது.

முழு அளவில் தொடங்குமுன் பத்துக் கற்கள் மட்டும் செய்யுங்கள். 4 வாரம் கழித்து அவற்றை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். விளிம்பு கரையாமல், நகத்தால் சுரண்டினால் உதிராமல் இருந்தால் கலவை சரி. சிமெண்ட் சேர்க்காத கல் ஒன்றையும் கூடவே மூழ்க வைத்துப் பாருங்கள். அது கரைந்து சேறாவதைக் கண்ணால் கண்ட பிறகு, சிமெண்டைக் குறைக்கும் ஆசை வராது. ஒன்றிரண்டு கற்களைப் பொறியியல் கல்லூரியின் ஆய்வுக் கூடத்தில் அழுத்திப் பார்க்கச் செய்தால் இன்னும் நல்லது.

மழையை மறவாதீர்கள்

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்பது பழமொழி. மண் சுவருக்குப் பகை பாரம் அல்ல, தண்ணீரே. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் நம் தாமிரபரணி கரை புரண்டதை நீங்கள் கண்டீர்கள். ஆற்றங்கரைத் தாழ்விலும் ஏலாவின் ஓரத்திலும் மண் கல் வீடு கட்டாதீர்கள். மண் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த இடங்களுக்கு அது ஏற்றதன்று.

மேட்டு நிலத்திலும் சில விதிகள் உண்டு. அடித்தளத்தைக் கருங்கல்லாலோ நல்ல வெட்டுக்கல்லாலோ தரைக்கு மேல் 45 செ.மீ. வரையேனும் உயர்த்துங்கள். அதன்மேல் ஈரம் ஏறாமல் ஒரு தடுப்புப் படுகை இடுங்கள். கரையானையும் ஓரளவு இது தடுக்கும். கூரை விளிம்பு சுவரைத் தாண்டி இரண்டடியேனும் நீண்டிருக்கட்டும். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும்போது ஓட்டுக் கூரை எவ்வளவு தாழ்ந்து, எவ்வளவு வெளியே நீண்டு நிற்கிறது என்று பாருங்கள். நம் முன்னோர் மழையைச் சுவரில் படவிடாமல் கட்டினார்கள்.

சன்னல், கதவுத் திறப்பு எதுவும் 1.2 மீட்டருக்கு மேல் அகலம் வேண்டாம். சுவர் மூலையிலிருந்து 1.2 மீட்டர் தள்ளியே திறப்பு வைக்க வேண்டும். தரைத்தளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாடி கட்ட எண்ணினால் பொறியாளரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

ஒரு சென்ட் ஏலாவின் கணக்கு

இனி, செங்கல் சூளைக்கு மண் கொடுப்பதைப் பற்றிச் சொல்கிறேன். "மேலே ஓர் அடி மண்தானே, எடுத்துக்கொள்ளட்டும், வயல் வயலாகவே இருக்கும்" என்று சிலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். 30 செ.மீ. ஆழத்துக்கு எடுத்தால் 12 கன மீட்டர். எடை சுமார் 17 டன். ஒரு செங்கல்லுக்கு மூன்றரைக் கிலோ உலர் மண் என்றால் இதில் 4,800 செங்கல் அறுக்கலாம். அந்த மண்ணில் அரை சதம் கரிமம் இருந்தால், வண்டியில் ஏறிப் போவது 85 கிலோ கரிமம். நூற்றுக்கு 0.05 பங்கு தழைச்சத்து இருந்தால் அதில் எட்டரைக் கிலோ தழைச்சத்தும் போகிறது. இது 18 கிலோ யூரியாவில் உள்ள தழைச்சத்துக்குச் சமம். ஒரே ஒரு சென்டுக்கு இவ்வளவு!

யூரியாவைக் கடையில் வாங்கலாம். கரிமத்தை வாங்க முடியாது. பல ஆண்டு தொழு உரமும் தழை உரமும் இட்டாலே அது மெல்லத் திரும்பும். இன்னொன்றையும் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகத் தொளியடித்ததால் வயலின் அடியில் இறுகிய தட்டு ஒன்று உண்டாகியிருக்கிறது. தண்ணீரைத் தாங்கி நிற்பது அதுதான். ஓர் அடி ஆழம் வெட்டும்போது அந்தத் தட்டும் போய்விடும். பிறகு கோடையில் தண்ணீர் நிற்காது. மழைக்காலத்தில் பக்கத்து வயல் தண்ணீரெல்லாம் இந்தப் பள்ளத்தில் தேங்கும். நாற்று அழுகும். அடுத்த வயல்காரருக்கும் வரப்பு சரியும். பணம் ஒரு முறை வரும். நட்டம் ஒவ்வொரு பூவிலும் வரும்.

சட்டமும் உண்டு. களிமண்ணும் செங்கல் மண்ணும் 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் கீழ் சிறு கனிமங்கள் ஆகும். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் 1959ஆம் ஆண்டிலிருந்து உள்ளன. சொந்த நிலம் என்றாலும் மண் வெட்டி வெளியே கொண்டுபோக மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சொந்த வீட்டுக்குச் சொந்த விளையில் மண் எடுப்பதானாலும் கிராம நிர்வாக அலுவலரை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

செங்கல்லே வேண்டும் என்பவர்கள் வாங்குமுன் சோதித்து வாங்குங்கள். இரண்டு கற்களைத் தட்டினால் கணீரென்ற ஓசை வர வேண்டும். உலர்ந்த கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, மீண்டும் எடைபோடுங்கள். 3 கிலோ கல் 600 கிராமுக்கு மேல், அதாவது 20 சதத்துக்கு மேல், தண்ணீர் குடித்தால் அது சரியாக வேகாத கல்.

மண் எடுத்த குழி

மூன்று மீட்டர் உயரமும் 23 செ.மீ. தடிப்பும் உள்ள சுவர் 30 மீட்டர் நீளம் எழுப்பினால், கதவு சன்னல் போக ஏறத்தாழ 18 கன மீட்டர் வரும். இதற்கு நிலத்திலிருந்து எடுக்க வேண்டியது சுமார் 21 கன மீட்டர் அடிமண். அதாவது 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடிய ஆழம் உள்ள ஒரு குழி. ஒரு சிறு வீட்டின் சுவர்களுக்கு வேண்டிய மண் இவ்வளவுதான்.

குழி தோண்டும்போது மேல் மண்ணைத் தனியே குவித்து வைத்து, வாழைக்கோ காய்கறிக்கோ பரப்புங்கள். அது பயிருக்கு உரிய பங்கு. தென்னை மரத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளித் தோண்டுங்கள், வேர் அதிகம் அறுபடாது. சரிவின் அடிவாரத்தை ஒருபோதும் குடையாதீர்கள். மழையில் மேலே உள்ள மண் சரிந்து வரும். வேலை முடிந்த பின், வீட்டுக்குத் தள்ளியிருக்கும் அந்தக் குழியில் ஓடிவரும் மழைநீரைத் திருப்பிவிடுங்கள். வெட்டுக்கல் மண்ணில் தண்ணீர் மெல்ல இறங்கிக் கிணற்றுக்கு ஊட்டம் தரும். குழந்தைகளும் கால்நடைகளும் விழாமல் சுற்றி வேலி இட மறக்காதீர்கள்.

முடிவாக

உழவர் பெருமக்களே, ஏலாவின் களி உங்கள் முன்னோர் உழுது உண்டாக்கிய மண். விளையின் அடிமண் இயற்கையே சுவருக்காகப் பக்குவப்படுத்தி வைத்த மண். முன்னதை நெல்லுக்கு விடுங்கள். பின்னதைப் பாட்டிலிலும் பெட்டியிலும் சோதித்து வீட்டுக்கு எடுங்கள். சோதனைக்குச் செலவு மிகவும் குறைவு. பத்து நாள் பொறுமை போதும். கட்டி முடித்த சுவர் முதல் பருவ மழையிலேயே பெயர்ந்தால், அல்லது மண் போன வயலில் கதிர் வராவிட்டால், அந்த நட்டத்தைப் பத்து நாளில் ஈடுகட்ட முடியாது.

இந்தக் கோடையிலேயே ஒரு பாட்டிலை எடுத்துத் தொடங்குங்கள்.